முறுகிய சிப்பி எந்தக் கரையைச் சேர்ந்தது

மைனி முதலில் கேட்டது என்னுடைய வெர்னியர் அளவுகோலை மட்டும்தான். "ரெண்டு நாளைக்குத் தாட்டி, கொஞ்சம் சிப்பி அளக்கணும்" என்றாள். நாகர்கோவிலுக்கு வெளியே இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் நான் அளவு பார்க்கிற வேலையில் இருக்கிறேன். அளவுகோலை இன்னொருவர் கையில் கொடுத்துப் பழக்கமில்லை. கீழே ஒருமுறை விழுந்தால் பிறகு அது சொல்வதை நம்ப முடியாது. "நானே அளந்து தாரேன் மைனி" என்றேன். அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

மைனி என் அண்ணன் மனைவி, நான் அவளுக்கு நாத்தனார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது முதுகலை விலங்கியலில் ஆய்வேடு ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதற்குள் பிள்ளை பிறந்தது, அண்ணன் குவைத்துக்குப் போனான், ஏடு அப்படியே கிடந்தது. இந்தப் பருவத்துக்குள் கொடுத்தால் பட்டம், இல்லையென்றால் பதிவு செல்லாது, மறுபடி முதலிலிருந்து படிக்கவேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். முதலிலிருந்து படிக்க அவளுக்கு இனி வாய்க்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணன் மட்டும் வீடியோ அழைப்பில், "சிப்பி பெறக்குனா டிகிரி தருவாவளா? அப்பம் நம்ம ஊருல பாதிப்பேரு டாக்டர்லா" என்று சிரித்தான். மைனி சிரிக்கவில்லை.

தலைப்பு எளிமையானதாகத்தான் தெரிந்தது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மணக்குடி வரை, கடற்கரைகளில் ஒதுங்கும் பேழைச் சிப்பிகளை இனங்காண்பது. 'பேழை' என்பது மைனி ஏட்டில் வைத்துக்கொண்ட பெயர். சில சிப்பிகளைக் கவிழ்த்து வைத்தால் அடிப்பகுதி தட்டையான படகு போலிருக்கும், அதனால். எனக்கு அவள் சொல்லித் தந்த அடையாளங்களை அட்டையில் எழுதிச் சாப்பாட்டு மேசைமேல் ஒட்டினேன். இரண்டு ஓடும் சேரும் கீல் வளையாமல் நேராக இருக்கவேண்டும். கீல் நெடுக சீப்பின் பல் போலச் சின்னச்சின்னப் பற்கள் வரிசையாக இருக்கவேண்டும். மூக்குப் பகுதியிலிருந்து விசிறி போல வரிமேடுகள் இறங்கவேண்டும். உள்பக்கம் பீங்கான் வெள்ளை. உயிரோடு இருந்தபோது மேலே பழுப்பு ரோமம் மூடியிருந்திருக்கும், அது எங்காவது ஒட்டியிருந்தால் நல்லது.

ஐந்தே விஷயம். பட்டறையில் புஷ் என்கிற ஒரு சாதாரண உலோக வளையத்துக்கு இதைவிட அதிகம் பார்க்கிறேன். அங்கே மூன்று தட்டு வைத்திருப்போம். சரியானது ஒன்றில், தள்ளுபடி ஒன்றில், சந்தேகம் ஒன்றில். சந்தேகத் தட்டு பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். அந்தப் பழக்கத்தில் அம்மாவின் எவர்சில்வர் தட்டுகள் மூன்றை எடுத்து மேசையில் வைத்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் சந்தேகத் தட்டு நிறைந்து வழிந்தது.

முதல் குழப்பம், அலை. புத்தகப் படத்தில் வரிமேட்டின்மேல் முத்து முத்தாக இருக்கும் ரத்தச் சிப்பி என்ற பேழை வகை, கரையில் உருண்டு வந்தால் முத்தெல்லாம் தேய்ந்து வேறொரு இனம் போல இருந்தது. இரண்டாவது, வயது. பற்களை எண்ணினால் இனம் தெரியும் என்று நினைத்து எண்ணினேன். பிறகுதான் மைனி, சிப்பி வளர வளரப் பல்லும் கூடும் என்றாள். "இத முதல்லயே சொல்லப்படாதா?" என்றேன். "நீ எண்ணுத வேகத்தப் பாத்து எனக்கே மறந்துட்டு" என்றாள். மூன்றாவது, ஒரே பிராணியின் இடது ஓடும் வலது ஓடும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒன்று மற்றதைக் கொஞ்சம் மூடிக்கொண்டு நிற்குமாம். நான் அதை இரண்டு இனமாக எழுதி, அளவு சராசரியும் போட்டு வைத்திருந்தேன். மணவாளக்குறிச்சிப் பக்கத்துச் சிப்பிகளில் கறுப்பு மணல் வரிகளுக்குள் இறுகி, எல்லாமே ஒரே நிறத்தில் இருந்தன. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தால் சாயமா மண்ணா என்று தெரியவில்லை.

அம்மா கடந்துபோகும்போதெல்லாம் தட்டுகளைப் பார்ப்பாள். "வேதத்துல வெள்ளம் வந்தப்போ பேழையில எல்லாம் சோடி சோடியாத்தானே ஏறிச்சு. ஒங்களுக்கு ஒரு சோடிகூடக் கெடைக்கலியா?"

அது வேடிக்கைதான், ஆனால் உண்மை. எங்களிடம் இருந்தது எல்லாம் ஒற்றை ஓடு. இரண்டு ஓடும் கீலில் சேர்ந்தபடி ஒன்றுகூட இல்லை.

மண்டைக்காட்டுக்கு மேற்கே ஒரு கரை. பேர் வேண்டாம். அங்கே எடுத்ததில் ஒன்று உடம்பு முழுக்க முறுகி இருந்தது. ஈரத் துணியைப் பிழியும்போது ஒரு முனை ஒருபக்கமும் மறுமுனை மறுபக்கமும் திரும்புமே, அப்படி. மேசைமேல் வைத்தால் ஆடியது. நான் யோசிக்காமல் தள்ளுபடித் தட்டில் போட்டேன். வளைந்த உருப்படி எதுவானாலும் என் கை அங்கேதான் போகும்.

மைனி அதைத் திரும்ப எடுத்தாள். எடுத்தவள் உட்காரவில்லை. புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளி, ஒரு படத்தின்மேல் சிப்பியை வைத்தாள். "ஏட்டி, இது வளஞ்சு போனதில்ல. இது பொறப்பே இப்படித்தான்." பேழைச் சிப்பிக் குடும்பத்தில் முறுகியே வளரும் வகை ஒன்று உண்டாம். அலையடிக்கும் கரையோரத்தில் வாழாது, கடலடியில் பாதி புதைந்து கிடக்கும். நம் பக்கத்துப் பழைய பட்டியல் எதிலும் அவள் அதைப் பார்த்ததில்லை.

வழிகாட்டிப் பேராசிரியரிடம் கொண்டு காட்டினாள். அதுவரை அவளுடைய அலைபேசி அழைப்பைப் பாதி நாள் எடுக்காத மனிதர், அன்று சாயங்காலம் அவரே கூப்பிட்டார். இதை நடுவில் வைத்து ஏட்டைத் திருப்பி எழுது, இன்னும் சில மாதிரி எடு, இதுதான் உன் ஏட்டுக்கு உயிர் என்றார். மைனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கும் முன்னறைக்குமாக நடந்தாள். அவள் அப்படிச் சந்தோஷமாக நடந்து நான் பார்த்ததில்லை.

மறுபடி அந்தக் கரைக்குப் போனோம். பிள்ளையை அம்மா பார்த்துக்கொண்டாள். கிடைத்தது. அந்த ஒரு கரையில் மட்டும், கடலரிப்புக்குக் கல்போட்ட இடத்துக்குக் கிழக்கே, முறுகிய சிப்பிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. வீட்டில் வந்து அளந்தபோது ஒன்று உறுத்தியது. எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். குஞ்சு இல்லை, பெரிது இல்லை. யாரோ சலித்து எடுத்தது போல. சிலவற்றின் உட்குழிவில் சாம்பல் நிறத்தில் ஏதோ கெட்டியாக அப்பியிருந்தது. ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரில் ஒரு சொட்டை அதன்மேல் விட்டேன். நுரைத்தது. சிப்பியின்மேல் விட்டேன். அதுவும் நுரைத்தது. இந்தச் சோதனையால் எனக்குத் தெரிந்தது வினிகர் நன்றாக இருக்கிறது என்பது மட்டும்தான்.

பிறகு ஒரு சிப்பியின் வரிகளுக்கிடையில் நீலம் தெரிந்தது. சுரண்டினேன். சுருளாக வந்தது. பெயின்ட்.

"சிப்பிக்கு யாரு மைனி பெயின்ட் அடிப்பா?"

"படகுல ஒரசியிருக்கும்" என்றாள் உடனே. ஆனால் அவள் முகம் அதை நம்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு அங்கே போனபோது, நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எங்களைக் கொஞ்சநேரம் பார்த்தபடி இருந்தார்கள். மூத்தவள் கேட்டாள்.

"என்ன மக்களே பெறக்குதிய? கம்மல் தொலஞ்சா?"

"இல்லக்கா, சிப்பி. படிப்புக்கு."

மைனி கையை விரித்துக் காட்டினாள். அந்தப் பெண் குனிந்து பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இது எங்க குருசடி சிப்பில்லா!"

குருசடி என்பது கடலோர ஊர்களில் சிலுவையோ மாதா சுரூபமோ வைத்துத் தெருமுனையில் கட்டியிருக்கும் சின்னக் கோயில். அந்த ஊர்க் குருசடி முன்பு சுவர் முழுக்கச் சிமென்டில் சிப்பி பதித்து, நீலமும் வெள்ளையும் அடித்திருந்ததாம். அதை இடித்துவிட்டு டைல்ஸ் போட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்தே தெரிந்தது, வெயிலில் கண் கூசியது.

"இடிச்ச சிப்பிய ஏன் கடல்ல போட்டிய?" என்று கேட்டேன்.

இருவரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். "பொறவு? அது மந்திரிச்ச சாதனமாக்கும். குப்பையில தட்ட முடியுமா? ஆளு மிதிக்கப்படாது. வள்ளத்துல கொண்டு போயி ஆழத்துல போடணும்னு பங்குச் சாமியார் சொன்னாரு."

"எங்க ஆழத்துல போட்டானுவ?" என்றாள் இளையவள். "கொஞ்சம் போல போயி, எஞ்சின நிறுத்தி, சாக்க அவுத்துத் தட்டிட்டு வந்து சாப்பிட உக்காந்துட்டானுவ. அதான் மாதா திருப்பி அனுப்பிட்டா."

நாங்கள் சீர்திருத்த சபைக்காரர்கள். எங்கள் ஆலயத்தில் கூரை மாற்றினால் பழைய ஓடுகளை அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுவார்கள். பழைய பெஞ்சு யாருடைய தின்பண்டக் கடையில் கிடக்கிறது என்பதுகூட ஊருக்குத் தெரியும். கோயிலை இடித்தால் அந்த இடிபாடு எங்கே போகும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. கடலோரத்தில் வளர்ந்த யாராவது கூட இருந்திருந்தால் அந்தச் சாம்பல் நிறச் சிமென்டைப் பார்த்ததுமே கேட்டிருப்பார்கள்.

மைனி மணலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மட்டும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. குருசடியில் பதித்த சிப்பியை முதலில் எங்கிருந்து எடுத்தார்கள்? இந்தக் கரையிலேயே எடுத்திருந்தால் ஏடு பிழைத்துக்கொள்ளும்.

"தூத்துக்குடியில இருந்து சாக்குல வந்துது" என்றாள் மூத்தவள். "எங்க அப்பன்தான் லாரியில போயி எடுத்துட்டு வந்தாரு."

"போக்கா" என்றாள் இளையவள். "கன்னியாகுமரி கடையில வேண்டினது. சங்கு மால விக்குத கடையில."

"நீ அப்பம் கலியாணம் கெட்டி இங்க வரவே இல்லியே, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க மாமியாருல்லா பறஞ்சா!"

"ஒங்க மாமியாரு வெள்ளிக்கெழம ஒண்ணு பறைவா, ஞாயித்துக்கெழம ஒண்ணு பறைவா."

வலை சுமந்துகொண்டு போன ஒரு வயதான மனிதரை நிறுத்திக் கேட்டார்கள். அவர் நிற்காமலே சொன்னார்: "எல்லாம் இங்கயுள்ளதுதாம். நாங்க சின்னதுல பெறக்கிக் குடுத்தோம். ஒரு கூடைக்கு ஒரு கை ஆரஞ்சு முட்டாயி."

"அந்த முட்டாயி கன்னியாகுமரியில வேண்டினது" என்றாள் இளையவள், விடாமல்.

மூன்று பேரும் உறுதியாகச் சொன்னார்கள். மூன்றும் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு. ஒரு சுவர் முழுக்கப் பதிக்க ஒரு சாக்கு போதாது.

பேருந்தில் திரும்பும்போது, அளவு ஏன் ஒரேமாதிரி இருந்தது என்று எனக்குப் புரிந்தது. கொத்தனார் வரிசைக்கு வரிசை ஒத்த சிப்பியாகப் பொறுக்கியிருப்பார். சுவரில் பதிக்க ஒரு ஓடு போதும், ஒற்றை ஓடாக இருந்ததும் அதனால்தான். இதைப் புரிந்துகொண்டதில் எனக்குச் சின்னதாக ஒரு திருப்தி ஏற்பட்டது. மைனியைப் பார்த்ததும் அந்தத் திருப்தி போய்விட்டது. ஏடு கொடுக்கவேண்டிய நாள் கிட்டே வந்திருந்தது. ஏட்டின் நடுவில் இருந்ததோ இந்தச் சிப்பி.

வீட்டில் மறுபடி தரம் பிரித்தேன். சிமென்ட் இருப்பது குருசடிச் சிப்பி, சந்தேகமில்லை. சிமென்ட் இல்லாதது? கடலிலிருந்து வந்ததாக இருக்கலாம். அல்லது சிமென்டை அலை தின்றிருக்கலாம். அப்படியானால் அந்தக் கரையில் எடுத்த சாதாரண ரத்தச் சிப்பிகள்? அவற்றையும் சுவரில் பதித்திருப்பார்களே. சந்தேகத் தட்டு போதாமல் இட்லிக் கொப்பரையின் மூடியை எடுத்தேன்.

ஒரே வழி, அம்மா சொன்ன சோடி. இரண்டு ஓடும் கீலில் சேர்ந்து, ரோமத்தோடு ஒரு முறுகிய சிப்பி கிடைத்தால், அது அண்மையில் உயிரோடு இருந்தது, சுவரில் இருந்ததில்லை என்று எழுதலாம். லீவு போட்டுவிட்டு மைனியோடு போய்த் தேடினேன். கரையில் இல்லை. வள்ளங்களுக்குப் பக்கத்தில் வலையிலிருந்து உதறிய குப்பையில் மைனி கையை விட்டாள். நண்டுக் கால், பாசி, உடைந்த சங்கு. அதற்குள் இருந்து அதை எடுத்தாள். இரண்டு ஓடு. பழுப்பு ரோமம். முறுக்கு. உள்ளே இன்னும் நாறியது.

அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. வலை தைத்துக்கொண்டிருந்தவரிடம் ஓடினோம்.

"அண்ணே, இந்த வலை எங்க போட்டது?"

"கடல்லதான்."

"இல்லண்ணே, எந்தக் கடல்ல?"

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா கெடக்கே, இதுலதான். வேற எத்தன கடலு இருக்கு?"

"இந்த ஊருக்கு நேராவா?"

"இந்த ஊருக்கு நேரா என்ன மீனு இருக்கு? கொச்சிக்கு வெளிய. சில நேரம் அதுக்கும் வடக்க. நேத்தாக்கும் வந்தோம்."

மைனி அந்தச் சிப்பியை என் கையில் வைத்தாள். நான் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அன்று திரும்பும் வழியெல்லாம் நான் வாதாடினேன். முறுகிய சிப்பியை மொத்தமாக எடுத்துவிடலாம், அந்தக் கரையையும் எடுத்துவிடலாம், மிச்சமுள்ள கரைகளை வைத்துச் சின்ன ஏடாகக் கொடுத்துவிடலாம், பட்டம்தானே வேண்டும் என்றேன். வீட்டுக்கு வந்து மைனி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "கண்டத எப்படி இல்லன்னு எழுத?"

"கண்டோம். ஆனா என்னத்தக் கண்டோம்?"

"அதத்தான் எழுதப்போறேன்."

எழுதினாள். குருசடி, சாக்கு, வள்ளம், தூத்துக்குடி, எல்லாவற்றையும். ஆரஞ்சு மிட்டாயை மட்டும் விட்டுவிட்டாள். இந்தச் சிப்பி இந்தக் கடலில் வாழ்கிறதா என்று இந்த மாதிரிகளை வைத்துச் சொல்ல முடியாது என்று முடித்தாள். நான் படித்துவிட்டு, இதை நிச்சயம் திருப்பி அனுப்புவார்கள் என்று நினைத்தேன்.

பேராசிரியர் நாங்கள் எதிரே நிற்கும்போதே படித்தார். "இதுல குருசடி எதுக்கும்மா?"

"சிப்பி அங்கேருந்துதான் சார் வருது."

"அப்ப இது நம்ம கரை இனமா, இல்லையா?"

"தெரியல்ல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருமுறை கோபப்படப் போவது போல இருந்தது. சிமென்ட் ஒட்டிய சிப்பி ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். பிறகு பேனாவைத் தேடினார். "வாய்மொழித் தேர்வுல வெளியிலேருந்து தேர்வாளர் வருவார். அவர் கேப்பார். நான் உன்கூட நிக்க மாட்டேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

தேர்வு நாளன்று நான் துறை வராந்தாவில் நின்றேன். கதவு மூடியிருந்தது. உள்ளே முதலில் சத்தமே இல்லை, பிறகு யாரோ சிரித்தார்கள். அது எந்தச் சிரிப்பு என்று கணிக்க முடியவில்லை. கண்ணாடிப் போத்தல்களில் ஊறிக்கிடந்த பாம்புகளின் பெயரட்டைகளை வரிசையாகப் படித்தேன். முடிந்ததும் மறுபடி படித்தேன்.

மைனி வெளியே வந்தாள். "பாஸ்" என்றாள். சொல்லிவிட்டு சுவரில் சாய்ந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

"குருசடியப் பத்திக் கேட்டாரா?"

"அத மட்டும்தான் கேட்டாரு. அவரும் கடலோரக்காரராம். அவரு சின்னப்பிள்ளையா இருக்கும்போ அவங்க ஊர்லயும் சிப்பி வச்சு மாதாவுக்குக் குகை மாதிரி கெட்டியிருந்த பழைய கெபிய இடிச்சு, கடல்லதான் கொண்டு போட்டாவளாம். அத நெனச்சுத்தான் சிரிச்சாரு."

"எந்த ஊரு?"

சொன்னாள். எங்கள் பட்டியலில் இருந்த ஊர். மிகச் சுத்தமான மாதிரிகள் கிடைத்த கரை. ஏட்டில் இருந்த அளவுகளில் பெரும்பகுதி அங்கே எடுத்தவை. அவற்றில் சிமென்ட் இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றும் முன்பே அவற்றை அளந்து முடித்திருந்தேன்.

"நீங்க என்ன சொன்னீங்க மைனி?"

"நான் என்ன சொல்ல? அவரு சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். பொறவு மார்க் போட்டாரு."

"ஆனா அப்பம் அந்த அளவெல்லாம்..."

"ஏட்டி." அவள் என் கையைப் பிடித்தாள். "இன்னைக்கு வேண்டாம். ஒங்க அண்ணனக் கூப்பிட்டுச் சொல்லணும். அவரு கேலிக்கு ஒண்ணு குடுக்கணும். வா, பழம்பொரி வேண்டித் தாரேன்."

கல்லூரி வாசலில் நின்று அவள் அலைபேசியில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் சூடான பழம்பொரியைக் காகிதத்தோடு பிடித்துக்கொண்டு, எந்தெந்த ஊர்களில் எப்போது எதை இடித்தார்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன். அதைக் கேட்டு முடித்தாலும் எந்தச் சிப்பி எங்களுடையது என்று தெரியுமா என்று தெரியவில்லை. மைனி திரும்பி, "தின்னுட்டி, ஆறிப்போகும்" என்றாள்.